வரைபடமும் வங்கும்: மாதிரிப் பாய்மரக் கப்பல் தொகுதியின் வரலாற்றுப் பின்னணி

முன்னுரை

மரத்தாலான பாய்மரக் கப்பலின் மாதிரியை மேசையின்மீது கட்டி முடிப்பது மேலை நாடுகளில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நிலைபெற்ற பொழுதுபோக்காகும். அதற்குரிய மரத்துண்டுகள், நூற்கயிறுகள், பித்தளைச் சிறுபொருள்கள், வரைபடம் ஆகியவற்றை ஒரே பெட்டியில் அடக்கி விற்கும் வழக்கமும் அங்குத் தோன்றியதே. இப்பெட்டியைக் 'கிட்' என்ற பெயராலேயே பலரும் அறிவர். இக்கட்டுரையில் அது 'தொகுதி' எனக் குறிக்கப்படுகிறது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இத்தகைய தொகுதிகளை வாங்கிக் கட்டுவோர் உளர். பள்ளிகளில் கடல் வணிக வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், முடிந்த மாதிரியொன்றை வகுப்பறையில் காட்டிப் பாடம் நடத்துவதும் உண்டு.

அவ்வாறு காட்டப்படும் மாதிரி எதற்குச் சான்று என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. விளையாட்டுப் பொருளுக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமா எனச் சிலர் கருதக்கூடும். எனினும், வரலாற்று நூலைப் படிக்கும்போது அதன் மூலம் யாது எனக் கேட்கும் நாம், கண்முன் நிற்கும் கப்பலைக் கண்டவுடன் அக்கேள்வியை மறந்துவிடுகிறோம். கப்பல் மாதிரியும் ஒரு நூலைப் போன்றதே. அதற்கும் மூலம் உண்டு, பதிப்பாசிரியர் உண்டு, பாடபேதமும் உண்டு.

பெட்டிக்குள் இருப்பது

இன்று பெருவழக்காக உள்ள தொகுதியின் அமைப்பு எளியது. கப்பலின் நீளவாட்டு வெட்டுத்தோற்றத்தை ஒத்த ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்று அதன் முதுகெலும்பாகிறது. அதில் வெட்டப்பட்டுள்ள பள்ளங்களில், கப்பலின் குறுக்குவெட்டு வடிவில் அமைந்த பத்துப் பதினைந்து தட்டுகள் செங்குத்தாகப் பொருத்தப்படுகின்றன. இவற்றின் விளிம்புகளை, மேலே வரவிருக்கும் பலகை படிந்து உட்காருமாறு சரிவாக இழைத்தல் வேண்டும். பொறுமையற்றோர் தவறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். பின்னர் லிண்டன் போன்ற மென்மரக் கீற்றுகளை நீரில் ஊறவைத்து வளைத்து, தட்டுகளின்மீது ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி முதற்போர்வை செய்வர். அதனை உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்த பின், வால்நட் போன்ற அழகிய மரத்தின் மெல்லிய கீற்றுகளால் இரண்டாம் போர்வை இடுவர். கப்பலின் நடுப்பகுதியில் சுற்றளவு மிகுதி. முனைகளில் அது குறைவு. ஆதலால் ஒரே அகலமுள்ள கீற்றுகள் முனையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒவ்வொரு கீற்றையும் முனை நோக்கிக் குறுகச் சீவினாலன்றி அவை வரிசையாகப் படியமாட்டா. உண்மைக் கப்பல் தச்சர்கள் எதிர்கொண்ட அதே சிக்கல் இது. பாய்மரங்களும் கயிறுகளும் இதன்பின் வருவன. கட்டும் காலத்தில் பெரும்பகுதியை விழுங்குவனவும் அவையே.

இவ்வமைப்பு எப்போதும் இவ்வாறே இருந்ததன்று. 1920களில் அமெரிக்காவில் கப்டன் ஆர்மிட்டேஜ் மெக்கான் 'பாப்புலர் சயன்ஸ்' இதழில் வெளியிட்ட வரைபடங்களைக் கொண்டு பலர் மாதிரிக் கப்பல் கட்டத் தொடங்கினர். தொடக்கக்காலத் தொகுதிகளுள் பல, திண்ணிய மரக்கட்டையைச் செதுக்கி உடல் அமைக்கும் வகையின. அமெரிக்காவில் 1946இல் தோன்றிய மாடல் ஷிப்வேஸ் நிறுவனம் தொடக்கத்தில் இவ்வகையையே விற்றது. டென்மார்க்கில் 1958இல் தொடங்கப்பெற்ற பில்லிங் போட்ஸ், இத்தாலியின் கோரல், மந்துவா, அமாத்தி, ஸ்பெயினின் ஆர்த்தெசானியா லத்தினா முதலிய நிறுவனங்களின் வழியே தட்டும் கீற்றும் கொண்ட முறை உலகெங்கும் பரவியது. லேசர் கதிரால் தட்டுகளை வெட்டும் தொழில்நுட்பம் வந்தபின் துண்டுகள் துல்லியமாயின. ஆனால் துல்லியம் வேறு, மெய்ம்மை வேறு.

வாரியத்தின் மேசையில் கப்பல்

மாதிரிக் கப்பல் அதிகார ஆவணமாக மாறிய கதை இங்கிலாந்துடன் பெரிதும் தொடர்புடையது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஆங்கிலக் கப்பற்படை வாரியத்துடன் தொடர்புடைய மாதிரிகள் கட்டப்பட்டன. அவற்றின் அளவு பெரும்பாலும் 1:48. அதாவது நான்கு அடி ஓர் அங்குலமாகச் சுருங்கும். உடலின் கீழ்ப்பகுதிக்குப் பலகை போர்த்தாமல் உள்ளிருக்கும் வங்குகள் புலப்படுமாறு விடுவது இவற்றின் தனித்தன்மை. வாரியத்தில் பணியாற்றிப் பின்னர்க் கப்பற்படைச் செயலாளராக உயர்ந்த சாமுவேல் பீப்ஸ் இத்தகைய மாதிரிகளைச் சேகரித்தவர். இவற்றுடன் கப்பல் வரைபடங்களும் அரசால் பேணப்பட்டன. அவை இன்று கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் பெருஞ்செல்வம். சுவீடன் நாட்டுக் கப்பல் வடிவமைப்பாளர் சாப்மன் 1768இல் வெளியிட்ட கப்பல் வரைபடத் தொகுப்பும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. தொகுதி வடிவமைப்பாளர் ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்க்கப்பல் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார் எனில், அவர் கையில் இத்தகைய வரைபடம் ஏற்கெனவே உள்ளது என்பது பொருள்.

வரைபடம் எத்துணை ஆற்றல் வாய்ந்தது என்பதற்கு 'திருகோணமலை' என்னும் பெயர் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பலே சான்று. 1782இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றப்பட்ட 'எபே' என்ற கப்பலின் வடிவத்தைத் தழுவி ஆங்கிலேயர் ஒரு வகைக் கப்பல்களைக் கட்டினர். அவ்வகையில் ஒன்றைப் பம்பாயில் கட்டுமாறு ஆணை பிறந்தது. ஆனால் வரைபடங்களை ஏற்றிவந்த 'ஜாவா' கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பலான 'கான்ஸ்டிடியூஷன்' வென்று அழித்தது. வரைபடங்கள் மீண்டும் அனுப்பப்படும்வரை பணி தாமதமாயிற்று. மலபார்த் தேக்கால் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் கட்டிய அக்கப்பல் 1817இல் நீரில் இறக்கப்பெற்று, இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் காக்கப்படுகிறது. மரம் இந்தியாவினது, கையும் இந்தியாவினது, தாள் மட்டும் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. அதனை மூழ்கடித்த 'கான்ஸ்டிடியூஷன்' இன்று மாதிரிக் கப்பல் கட்டுவோர் பெரிதும் விரும்பும் தொகுதிகளுள் ஒன்றாக விளங்குவது காலத்தின் விளையாட்டு எனலாம்.

தாளில்லாமல் கட்டப்பட்ட மாதிரிகளும் உண்டு. நெப்போலியன் காலப் போர்களில் சிறைப்பட்ட பிரெஞ்சு வீரர்கள், இங்கிலாந்தின் நார்மன் கிராஸ் போன்ற முகாம்களில், உணவில் எஞ்சிய எலும்புகளைச் சேர்த்து நுண்ணிய கப்பல்களைச் செய்து விற்றனர். நினைவைக் கொண்டே செய்தமையால் பலவற்றில் பாய்மரம் உயர்ந்தும் உடல் சுருங்கியும் காணப்படும். அளவில் பிழையுள்ள அவை, கடலில் வாழ்ந்தோர் தம் கப்பலை எவ்வாறு மனத்தில் கண்டனர் என்பதைக் காட்டுவன. அவ்வகையில் அவற்றைப் பிழை எனத் தள்ளிவிடல் இயலாது.

வாசா கற்பிப்பது

வரைபடமே இல்லாத கப்பல் தொகுதியாக மாறும்போது நிகழ்வதை அறிய 'வாசா' மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். சுவீடன் மன்னரின் இப்போர்க்கப்பல் 1628 ஆகஸ்டு 10ஆம் நாள் தன் முதற்பயணத்திலேயே, 1,300 மீட்டர் தொலைவு செல்வதற்குள் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் கவிழ்ந்தது. 1961 ஏப்ரல் 24ஆம் நாள் அது நீரிலிருந்து எழுப்பப்பட்டது. அதனைத் தொடங்கிய ஹென்ரிக் ஹூபெர்ட்சன் ஒல்லாந்து மரபில் வந்த தச்சர். அம்மரபில் கட்டுவோர் வரைபடம் வரைவதில்லை; நீளம், அகலம் முதலிய சில அளவுகளையும் தொழில் விதிகளையும் கைப்பழக்கத்தையும் நம்பியே கட்டினர். எனவே இன்று விற்கப்படும் வாசா தொகுதிகள் யாவும், கடலடியிலிருந்து வந்த உடலை அளந்தும் ஊகித்தும் பிறந்தவையே.

முதலாவது, நிறம். நெடுங்காலம் கப்பலின் சிற்பங்களுக்குப் பின்னணி நீலம் எனக் கருதப்பட்டது. அக்கருத்தை ஒட்டிச் செய்யப்பட்ட மாதிரிகளும் நீலமாயின. நுண்ணாய்வுகள் பின்னர் அது சிவப்பு எனக் காட்டின. 1990இல் திறக்கப்பட்ட வாசா அருங்காட்சியகத்தில் உள்ள 1:10 அளவு மாதிரி சிவப்பிலேயே நிற்கிறது. ஆகவே ஒரு மாதிரி நீலமா சிவப்பா என்பதைக் கொண்டு, அதனைக் கட்டியவர் எக்காலத்து அறிவைப் பின்பற்றினார் என ஊகிக்கலாம். டிரஃபால்கர் புகழ் 'விக்டரி' கப்பலுக்கும் இந்நிலை நேர்ந்தது. பூச்சு அடுக்குகளை ஆராய்ந்து 2015இல் அதன் பட்டைகளுக்கு முன்னினும் வெளிறிய நிறம் தீட்டப்பட்டது. அதற்கு முன் விற்ற பெட்டிகளின் அட்டைப்படங்கள் ஒரே நாளில் பழம்பதிப்புகளாயின.

இரண்டாவது, அளவு. வாசாவில் கிடைத்த அளவுகோல்களுள் சில பன்னிரண்டு அங்குலம் கொண்ட சுவீடன் அடியையும், சில பதினோர் அங்குலம் கொண்ட ஆம்ஸ்டர்டாம் அடியையும் காட்டுகின்றன. இரு வேறு அடிகளால் அளந்த தச்சர்கள் ஒரே கப்பலில் வேலை செய்துள்ளனர். கப்பலின் இடப்புறமும் வலப்புறமும் முற்றிலும் ஒத்தில்லை. ஆனால் தொகுதியில் வரும் தட்டோ இடமும் வலமும் மயிரிழை பிசகாமல் வெட்டப்பட்டது. பல மொழி பேசிய தொழிலாளர் கூடிய பட்டறையின் சுவடு அத்தட்டில் இராது.

மூன்றாவதே இக்கட்டுரையின் நோக்கில் மிக இன்றியமையாதது: கட்டும் வரிசை. ஒல்லாந்துத் தச்சர்கள் ஏராவை இட்டபின் முதலில் அடிப்பலகைகளைத் தற்காலிகக் கட்டைகளால் பிணைத்து வடிவம் கொடுத்தனர். வங்குகள் அதன்பின்னரே உள்ளே வைக்கப்பட்டன. அதாவது பலகை முன்னும் வங்கு பின்னும். தொகுதியோ வங்கின் இடத்தில் நிற்கும் தட்டை முன்னும் பலகையைப் பின்னும் வைக்கிறது. வரைபடம் வழியே கட்டும் மரபுக்கு இது இயல்பு. ஏனெனில் ஒவ்வொரு வங்கின் வடிவமும் தாளில் முன்னரே முடிவாகிவிடுகிறது. கண்ணாலும் கையாலும் கட்டும் மரபில் வடிவம் பலகையில் பிறக்கிறது. வங்கு அதனைத் தாங்கவே வருகிறது. வாசா தொகுதியைக் கட்டுபவர் இறுதியில் வாசாவைப் போன்ற ஒன்றைப் பெறுகிறார். ஆனால் அதனை அடைந்த வழி வாசாவைக் கட்டியோரின் வழிக்கு நேர் எதிரானது.

ஸ்பெயின் நாட்டு நிறுவனங்கள் விற்கும் 'சாந்தா மரியா' தொகுதிகளைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. கொலம்பசின் அக்கப்பலுக்கு வரைபடமும் இல்லை, உடலும் கிடைக்கவில்லை. 1892இல் கட்டப்பட்ட உருப்படி அதனை 'நாவ்' வகையாகக் கண்டது. 1929இல் கட்டப்பட்டது 'கரவேல்' வகையாகக் கண்டது. நம் மலாக்காவில் கடல்சார் அருங்காட்சியகமாக நிற்கும் 'ஃபுளோர் டி லா மார்' உருப்படியையும் இவ்வாறே நோக்கல் வேண்டும். 1511இல் சுமத்திராக் கரைக்கு அப்பால் மூழ்கிய அந்நாவாயின் வரைபடம் எதுவும் நம்மிடம் இல்லை. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் இதனைச் சொல்லிவிடுதல் நலம்.

சோழமண்டலக் கரையின் கலங்கள்

பெட்டிகளில் இடம்பெறாத கலங்களைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இது. பதினெட்டாம் நூற்றாண்டில் நாகூர், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து சூலியா வணிகரின் பாய்க்கப்பல்கள் கெடாவுக்கும் ஆச்சேவுக்கும், 1786க்குப்பின் பினாங்குக்கும் வந்துபோயின. கரையிலிருந்து கப்பலுக்கு மக்களையும் சரக்கையும் ஏற்றிச்செல்லச் சோழமண்டலக் கரையில் படகுகளே உதவின. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் பலரின் முன்னோர் கால்வைத்த முதற்கலம் ஒரு கரைப்படகாக இருந்திருத்தல் கூடும். அவற்றுள் ஒன்றையேனும் இன்று பெட்டியில் வாங்க முடியுமா எனத் தேடுவோர்க்கு ஏமாற்றமே மிஞ்சும்.

இதற்குக் காரணம் விற்பனை மட்டுமன்று. சென்னைக் கரையின் மசூலாப் படகைக் கருதுக. அலை மோதும் கரையில் ஆணியடித்த படகு பிளந்துவிடும். ஆதலால் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தனர். பொருத்துவாயில் நார் வைத்துக் கட்டினர். அப்படகுக்கு வங்கே இல்லை; அலையின் அடியை வளைந்து வாங்கிக்கொள்வதே அதன் வலிமை. வங்கில்லாப் படகை வங்கு வடிவத் தட்டுகளைக்கொண்டு தொடங்கும் முறையில் எவ்வாறு கட்டுவது? இங்குத் தொகுதியின் இலக்கணமே பொருந்தவில்லை. வாசாவைப் பொறுத்தவரை அவ்விலக்கணம் வரிசையை மாற்றியது. மசூலாவைப் பொறுத்தவரை பொருளையே இல்லாததாக்குகிறது.

எனினும் தமிழ்க் கலங்கள் ஆவணமற்றவை எனக் கைவிரிப்பது சரியன்று. திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தலைமைக் கப்பல் தச்சராயிருந்த ஜான் எட்யி, சோழமண்டலம், மலபார், இலங்கை ஆகிய கரைகளின் கலங்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1834இல் லண்டன் ராயல் ஏசியாட்டிக் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பிரான்சுவா எத்மோன் பாரி 1830களில் கீழைக் கடல்களில் பயணம் செய்து, ஐரோப்பியர் அல்லாத மக்களின் கலங்களை அளந்து வரைந்து 1840களின் தொடக்கத்தில் பெருநூலாக்கினார். 1871 முதல் லூவர் மாளிகையிலிருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றபின், அக்கலங்களின் மாதிரிகளையும் செய்வித்தார். அம்மாதிரிகள் பாரிசில் பேணப்படுகின்றன. சென்னை மாகாண மீன்வளத் துறைக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதியதும் இவ்வகையிலான முதன்மைச் சான்றாகும். இம்மூவரும் வெளியிலிருந்து நோக்கியோர். அவர்தம் குறிப்புகளில் ஆங்காங்கே ஏளனமும் தென்படும். அளவுகளின் பயன் அதனால் குறைந்துவிடுவதில்லை.

உள்ளிருந்து எழுந்த சான்று வேறு தன்மையது. 'கப்பல் சாத்திரம்' என்னும் நூல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் வெளியீடாக 1950இல் அச்சேறியது. மரத்தின் இயல்பு, அதிலுள்ள சுழிகளின் நற்பலன் தீப்பலன் முதலியவற்றில் அந்நூல் காட்டும் ஆர்வம் இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கும். வரைபடத்தை எதிர்பார்த்து அதனைப் புரட்டுவோர் ஏமாறுவர். ஆனால் சுழியுள்ள பலகை வளைக்கையில் எங்கு வெடிக்கும் என்பதைத் தொகுதி கட்டும் எவரும் தம் விரலால் அறிவர். சோதிட மொழியில் தொழிலறிவும் கலந்திருக்கலாம் என்று கொண்டு அந்நூலை மறுவாசிப்புச் செய்வது பயனுடையது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சொற்களும் சான்றாகும். தொகுதியுடன் வரும் கையேடுகள் இத்தாலியிலும் ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் அமைந்தவை. அவற்றை மொழிபெயர்க்கப் புகுவோர் தமிழில் சொல் இல்லையெனக் கருதி ஆங்கிலச் சொல்லையே எழுத்துப்பெயர்க்கின்றனர். தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் அடிமரத்துக்கு ஏரா, விலாச்சட்டத்துக்கு வங்கு, முன்புறத்துக்கு அணியம், பாய் தாங்கும் குறுக்குமரத்துக்குப் பருமல், கப்பல் தச்சருக்கு ஓடாவி எனச் சொற்கள் காத்திருக்கின்றன. பலகை இடுக்கை அடைக்கும் கலப்பற்று, மத்தியதரைக் கடற்கரை மொழிகளில் வழங்கும் சொல்லோடு உறவுடையது. சுக்கான் அரபுச் சொல். ஓடாவியின் பட்டறையில் எந்தெந்த நாட்டு மாலுமிகள் வந்துநின்றனர் என்பதை அச்சொற்களே உரைக்கின்றன. இச்சொற்கள் வெறும் அகராதிச் சொற்களல்ல. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்க, அது 1938இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையை அடைந்தது. தூத்துக்குடியில் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் மரத்தோணிகள் கட்டப்பட்டன.

தோணியை மேசைக்குக் கொணர்தல்

இச்சான்றுகளைக் கொண்டு ஒரு தோணி மாதிரியைத் திட்டமிட இயலுமா எனக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எட்யி தரும் விவரப்படி சோழமண்டலத் தோணியின் நீளம் சுமார் 70 அடி, அகலம் 20 அடி, ஆழம் 12 அடி. அதன் அடி தட்டையானது. நடுவில் அத்தட்டையின் அகலம் 7 அடி. முனைகளில் அது 10 அங்குலமாகக் குறுகும். வெறுங்கலம் நீரில் சுமார் 4 அடியும், சரக்கேற்றியபின் 9 அடியும் அமிழும். ஆழமற்ற மன்னார் வளைகுடாவுக்கு ஏற்ற அமைப்பு இது. கப்பற்படை வாரியத்தின் 1:48 அளவையே கொண்டால், மாதிரியின் நீளம் பதினேழரை அங்குலம், அகலம் 5 அங்குலம், ஆழம் 3 அங்குலம். அடித்தட்டை நடுவில் ஒன்றேமுக்கால் அங்குலம். பள்ளி மேசையில் அடங்கும் அளவு.

தோணியின் முன்பாதியும் பின்பாதியும் நடுவிலிருந்து ஒத்த வடிவின என எட்யி குறிப்பிடுவது கட்டுவோர்க்குப் பெருந்துணை. நடுவங்கு ஒன்றை வரைந்து, அங்கிருந்து ஒரு முனைவரை ஐந்து வடிவங்களை வகுத்துக்கொண்டால், அவற்றையே மறுபுறமும் திருப்பி வைக்கலாம். பதினொரு வங்குகளுக்கு ஆறு வடிவங்கள் போதும். இடைப்பட்ட வளைவைத் தீர்மானிக்க, மெல்லிய மூங்கிற் கீற்றை நடுவங்கின் விளிம்பில் வைத்து இரு முனைகளையும் அழுத்தினால் போதும். அது தானே வளைந்து காட்டும் கோட்டில் வடிவங்களைக் குறித்துக்கொள்ளலாம். இவ்வாறு செய்கையில் பலகை முன்னும் வங்கு பின்னும் என்ற வரிசையும் ஓரளவு மீள்கிறது. மசூலாவுக்கு இவ்வழி உதவாது. அதற்கு மரக்கட்டையில் அச்சொன்று செதுக்கி, அதன்மேல் பலகைகளை வளைத்து, ஊசியால் துளையிட்டு, நூலால் தைத்தபின் அச்சை உருவிவிடல் வேண்டும்.